கடலடியில் காது உடைந்தால்

கிணற்றுக்குள் வாளி விழுந்துவிட்டால் எமது ஊர்களில் சுழியோடத் தெரிந்த ஒரு பொடியனைக் கூப்பிடுவது வழக்கம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய் வாளியைக் கயிற்றில் கட்டிவிட்டு வருவான். மேலே வந்ததும் முதல் வேலையாகக் காதைப் பொத்திக்கொண்டு தலையை உதறுவான். "காது வெடிக்கிற மாதிரிக் கிடந்தது" என்பான். அந்தக் காது நோவைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

கமக்காரருக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தறைகளை விட்டு எழும்பிய குடும்பங்கள் பல, பருத்தித்துறையிலும் அதன் அயலிலும் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் தங்கின. 2009 இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டாலும், எல்லாருடைய காணியும் கைக்கு வரவில்லை. வெங்காயமும் புகையிலையும் வைத்தவர்களின் பிள்ளைகள் இன்று கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். கடலோரத்தில் பிறந்தவன் கடலைச் சிறுவயதிலேயே படிக்கிறான். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கோ ஒரு கிழமைப் பழக்கத்தோடு சிலிண்டர் கொடுக்கப்படுகிறது.

நாம் அறிந்த ஓர் இளைஞன் அப்படிப் போனவன். தங்கையின் திருமணத்துக்காக முற்பணம் வாங்கியிருந்தான். தடிமன் பிடித்திருந்த ஒரு நாளில், வேலையை விட்டால் கடன் ஏறும் என்று இறங்கினான். இடது காது நொந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் இறங்கினான். காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். நோவு சட்டென்று குறைந்தது. அடுத்த கணம் உலகமே சுழன்றது. "சுவாமி, மேல எது, கீழ எது எண்டு தெரியேல்லை. கடல் தலைகீழாப் போச்சுது" என்று அவன் எம்மிடம் சொன்னான். கூடப் போனவன் கையைப் பிடித்து மேலே கொண்டு வந்தபடியால் உயிர் தப்பினான். எல்லாருக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பதில்லை.

காதுக்குள் நடப்பது என்ன?

நிலத்தில் எம்மைச் சுற்றியுள்ள காற்று எம்மை ஓரளவு அமுக்குகிறது. நீருக்குள் 10 மீற்றர், அதாவது ஏறக்குறைய 33 அடி இறங்கினால் அந்த அமுக்கம் இரண்டு மடங்காகிறது. காற்று நிரம்பிய ஒரு பையை அந்த ஆழத்துக்குக் கொண்டுபோனால் அது பாதியாகச் சுருங்கிவிடும். இதற்கு அடுத்த 10 மீற்றரில் அமுக்கம் மூன்று மடங்காகிறதே தவிர நான்காவதில்லை. ஆகவே மிகப் பெரிய மாற்றம் முதல் 10 மீற்றருக்குள்ளேயே நடக்கிறது. "ஆழம் குறைவுதானே" என்று எண்ணுவது அதனால்தான் பிழை.

செவிப்பறை மேளத்தின் தோல் போன்ற மெல்லிய சவ்வு. அதன் உட்பக்கம் நடுச்செவி என்ற சிறு காற்றறை உண்டு. இந்த அறையைத் தொண்டையின் பின்புறத்துடன் ஒரு ஒடுங்கிய குழாய் இணைக்கிறது. பாடசாலையில் இதை ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்திருப்பீர்கள். கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அது திறந்து, உள்ளே உள்ள காற்றையும் வெளியே உள்ள காற்றையும் சமப்படுத்துகிறது.

கடலில் இறங்கும்போது வெளியே நீர் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. குழாய் வழியாகக் காற்று உட்சென்றால் இரண்டு பக்கமும் சமமாகும். குழாய் அடைத்திருந்தால் ஓரிரு மீற்றரிலேயே நோவு தொடங்கும். அதைப் பொருட்படுத்தாமல் இறங்கினால் சில மீற்றருக்குள் சவ்வு கிழிந்துவிடலாம். தடிமன் பிடித்தவனின் குழாய் சளியாலும் வீக்கத்தாலும் அடைத்திருக்கும். எமது இளைஞனுக்கு நேர்ந்தது இதுவே.

இது புதிய துன்பம் அல்ல. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மேலே வரும்போது வாயாலும் மூக்காலும் காதாலும் நீர் வடிய, பல வேளைகளில் இரத்தமும் வந்ததாக றொபேட் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1803 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் குறித்திருக்கிறார்.

தலை ஏன் சுழல்கிறது?

காது கேட்பதற்கு மட்டும் அமைந்ததல்ல. உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை மூளைக்குச் சொல்கின்றன. இரண்டு காதுகளும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல. இரண்டும் ஒத்து நடந்தால் வண்டி நேரே போகும். ஒரு மாடு மட்டும் இழுத்தால் வண்டி திரும்பும்.

செவிப்பறை கிழிந்தவுடன் கடல்நீர் நடுச்செவிக்குள் புகுகிறது. எமது கடல் நீர் கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்தாலும், 37 பாகை சூடுள்ள உடலுக்கு அது குளிர்தான். அந்தக் குளிர் ஒரு பக்கத்துக் கால்வாயின் திரவத்தை அசைக்கிறது. மற்றப் பக்கம் அசையாமல் இருக்கிறது. மூளை இதை 'நான் சுழல்கிறேன்' என்று விளங்கிக்கொள்கிறது.

இதைக் கண்டறிந்தவர் வியன்னாவைச் சேர்ந்த றொபேட் பாரனி என்ற வைத்தியர். காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுக் கழுவும்போது நோயாளருக்குத் தலை சுற்றுவதை அவர் கவனித்தார். 1914 ஆம் ஆண்டுக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக முகாமில் இருந்தார். இன்றும் வைத்தியசாலைகளில் உட்செவியைச் சோதிக்க 30 பாகை நீரைக் காதுக்குள் விடுகிறார்கள். எமது கடலும் ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே இருக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. உள்ளே புகுந்த நீர் சிறிது நேரத்தில் உடற்சூட்டை அடைந்துவிடும். அப்போது சுழற்சி அடங்கும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்கள்தான். அந்த ஓரிரு நிமிடங்களில் அவன் என்ன செய்கிறான் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

நீருக்கு அடியில் செய்ய வேண்டியவை

1. ஓடாதீர்கள். எதையாவது பிடியுங்கள். கயிறு, பாறை, கூட்டாளியின் கை எதுவானாலும் சரி.

2. வாய்க்குழாயை வாயிலிருந்து எடுக்காதீர்கள். வாந்தி வந்தால் குழாயை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுங்கள். பின் காற்றழுத்தும் பொத்தானை அழுத்திக் குழாயைத் துப்புரவாக்கி மூச்சை எடுங்கள்.

3. மூச்சை அடக்காதீர்கள். ஆறுதலாக இழுத்து விடுங்கள். அமுக்கக் காற்றைச் சுவாசித்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். காது கிழிந்தவன் பிழைப்பான். நுரையீரல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

4. எது மேல் என்று தெரியாவிட்டால் உங்கள் மூச்சுக் குமிழிகளைப் பாருங்கள். குமிழி எப்போதும் மேலேதான் போகும். தலை பொய் சொன்னாலும் குமிழி பொய் சொல்லாது.

5. சுழற்சி அடங்கிய பின், கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து மெதுவாக மேலே வாருங்கள்.

மேலே வரும்போது மட்டும் தலை சுற்றுவதும் உண்டு. ஒரு காதின் காற்று வெளியேற, மற்றக் காது அடைத்திருந்தால் இப்படி நேரும். அப்போது நின்று, ஒரு மீற்றர் அளவு திரும்ப இறங்கி, அடங்கிய பின் இன்னும் மெதுவாக ஏறினால் பொதுவாகச் சரியாகும்.

கரைக்கு வந்த பின்

எமது இளைஞனுக்கு வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதுக்குள் விட்டார்கள். அன்போடு செய்த வேலைதான். ஆனால் செவிப்பறை கிழிந்த காதில் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போகிறது. அழுக்கும் கிருமியும் கூடவே போகின்றன. பத்தாம் நாள் சீழ் வடிந்தது.

காதுக்குள் எதையும் விடாதீர்கள். குச்சி, கோழி இறகு எதையும் நுழைக்காதீர்கள். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். மூக்கைப் பொத்தி ஊதிப் பார்க்காதீர்கள். பாரம் தூக்காதீர்கள். குளிக்கும்போது வசிலின் பூசிய பஞ்சைக் காதின் வாயில் வையுங்கள். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அன்றே போங்கள். கிழிந்த செவிப்பறை, ஈரமும் கிருமியும் படாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் சில கிழமைகள் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தானாகவே மூடிவிடும். மூடாவிட்டால் சத்திரசிகிச்சை உண்டு.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எமது இளைஞன் "குளத்தில நீந்தேக்க தண்ணி போட்டுது" என்று சொன்னான். சிலிண்டர் விடயத்தைச் சொல்ல வேண்டாம் என்று வேலை கொடுத்தவர் தடுத்திருந்தார். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் சங்கு, கடலட்டைக்குச் சுழியோட அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாதபோது எல்லாரும் மறைக்கிறார்கள். எவ்வளவு ஆழம், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பது தெரியாமல் வைத்தியர் சரியான முடிவுக்கு வர முடியாது. அவர் விசாரிப்பது வழக்குப் போடுவதற்கல்ல.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

சுழற்சி ஓரிரு நிமிடங்களில் அடங்காமல் தொடர்வது, காது திடீரென்று கேளாமல் போவது, காதுக்குள் இரைச்சல் விடாமல் இருப்பது ஆகியவை உட்செவியே காயப்பட்டதற்கு அடையாளமாக இருக்கலாம். இதில் நாள் கடந்தால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். நோயாளியைத் தலையை உயர்த்திச் சாய்த்து வையுங்கள். முக்கி வேலை செய்ய விடாதீர்கள்.

மேலே வந்து சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தலைச்சுற்று தொடங்கி, அதோடு கால் கை விறைப்பு, மூட்டு நோவு, நடக்க முடியாமை, சிறுநீர் போகாமை என்பனவும் வந்தால், இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் உண்டாகியிருக்கக்கூடும். ஒரு நாளில் பல சிலிண்டர்கள் முடித்து விரைவாக ஏறுபவர்களுக்கு இது வரும். தலைச்சுற்று மட்டும் தனியே வந்தாலும் இதுவாக இருக்கலாம். இவரைப் படுக்க வைத்து, ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறையில் சிகிச்சை செய்ய வேண்டும். நோவு குறையும் என்று எண்ணித் திரும்பவும் கடலில் இறக்குவது ஆபத்து. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

வருமுன் காக்க

தடிமன், மூக்கடைப்பு, காது நோவு உள்ள நாளில் இறங்காதீர்கள். இறங்கும்போது நோவு வரும் முன்னரே மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுங்கள்; ஒவ்வொரு மீற்றருக்கும் ஒருதரம் செய்யுங்கள். இத்தாலிய வைத்தியர் வல்சல்வா 1704 இல் விவரித்த முறை இது. பலமாக ஊத வேண்டாம். அதுவே உட்செவியைக் காயப்படுத்தும். காது திறக்காவிட்டால் சிறிது மேலே வந்து முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று வையுங்கள். காதுக்குள் பஞ்சோ அடைப்பானோ வைத்து இறங்க வேண்டாம். தனியே இறங்க வேண்டாம்.

"காது ஒருக்கா உடைஞ்சால் பிறகு நோகாது, அதுதான் நல்ல சுழியோடி" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோகாதது உண்மைதான். ஆனால் ஓட்டை உள்ள காதுக்குள் ஒவ்வொரு முறையும் நீர் போகும், தலை சுற்றும், சீழ் பிடிக்கும், கேட்கும் திறன் கொஞ்சங்கொஞ்சமாகக் குறையும்.

எமது இளைஞனின் காது மூன்று மாதத்தில் மூடியது. இடது பக்கம் சற்று மந்தம். "இனி இறங்கலாமோ, சுவாமி? முற்பணம் நிக்குது" என்று கேட்டான். வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை வேண்டாம் என்பது சுலபமான மறுமொழி. அந்த மூன்று மாதமும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவனுடைய தாயாரிடம் கேட்ட பிறகு, அந்த மறுமொழியை மட்டும் சொல்லிவிட்டு வர எமக்கு மனம் வரவில்லை.

ஆகவே குடும்பத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் முன், கணக்குப் பேசும் அதே இடத்தில் மூன்று விடயங்களையும் பேசுங்கள். தடிமன் நாளில் இறங்காவிட்டால் கடன் ஏறுமா? காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? படகில் ஒட்சிசன் இருக்குமா? ஒருவர் தனியே கேட்டால் "வேற ஆள் இருக்கு" என்பார்கள். முகாமிலும் கிராமத்திலும் உள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்வது கடினம். எமது இளைஞன் இப்போது படகில் நின்று கயிறு பிடிக்கிறான். கூலி குறைவு. முற்பணம் தீர எட்டு மாதம் எடுத்தது. இறங்குகிற பொடியன்களிடம் அவன் தினமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மூக்கு அடைச்சிருக்கோ?" அடைத்திருக்கிறது என்றால், அவனுக்குச் சிலிண்டர் எடுத்துக் கொடுக்க மாட்டான்.