எமது காணிக்கு எந்தச் சட்டம்?

“சட்டம் என்ன சொல்லுகிறது?” காணியை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. சட்டம் என்பது ஒரே புத்தகம், அதைத் திறந்தால் ஒரே பதில் கிடைக்கும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இலங்கையின் சட்டம் அப்படியானதல்ல. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் கட்டிய பழைய வீடு போன்றது அது. எந்த அறை எமக்குரியது, அதற்கு எந்த வாசல் என்று அறியாவிட்டால் முற்றத்தில் நின்றே காலத்தைக் கழித்துவிடுவோம். காணி விடயத்தில் காலம் கழிந்தால் உரிமையும் கழிந்து போகலாம்.

சட்டம் வந்த வழிகள்

1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டனர். அவர்கள் கொண்டுவந்தது உரோமன் டச்சுச் சட்டம். பின்வந்த ஆங்கிலேயர், இருக்கும் சட்டங்கள் தொடரும் என்று 1799இல் பிரகடனம் செய்தனர். எனவே எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லாத இடத்தில், காணி உரித்துப் பற்றிய பொதுச் சட்டமாக இன்றும் உரோமன் டச்சுச் சட்டமே நிற்கிறது. வணிகத்தில் ஆங்கிலச் சட்டம் புகுந்தது. குற்றங்களுக்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வந்தது.

இவற்றோடு வழமைச் சட்டங்களும் உள்ளன. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை எழுதும்படி ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கட்டளையிட்டார். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1706-1707இல் அவற்றைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய சொற்கள் இன்றும் நீதிமன்றத்தில் ஒலிப்பது இதனாற்றான். கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டமும், முஸ்லிம்களுக்குத் திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் முஸ்லிம் சட்டமும் உண்டு. மட்டக்களப்பு, திருகோணமலைத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும்.

தேசவழமை வடமாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குரியது. யுத்தத்தால் கொழும்பிலோ திருகோணமலையிலோ தங்க நேர்ந்த ஒருவர், அந்தக் காரணத்தால் மட்டும் அதனை இழப்பதில்லை. நிரந்தரமாக எங்கே வாழும் நோக்கம் என்பதையே நீதிமன்றம் பார்க்கும். இச்சட்டத்தின் கீழ் மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்கலாம் என 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூறுகிறது. காணாமற் போனோரின் மனைவியர் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

எது மேல், எது கீழ்

எல்லாவற்றுக்கும் மேலே 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு உள்ளது. அதன்கீழ் பாராளுமன்றச் சட்டங்களும் பழைய கட்டளைச் சட்டங்களும், அவற்றின்கீழ் வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகளும் வரும். அலுவலகங்களில் காட்டப்படும் சுற்றுநிருபம் சட்டத்தை மீறி நிற்க முடியாது.

ஒன்றை மட்டும் மனதிற் கொள்ள வேண்டும். அரசியலமைப்பு வருமுன் இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று அரசியலமைப்பே (16ஆம் உறுப்புரை) சொல்லுகிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்தில் மகள்மாருக்கு முன் மகன்மாருக்கே உரிமை இருந்தது. 2022இல் பாராளுமன்றம் திருத்திய பிறகே இந்த வேறுபாடு நீங்கியது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டத்தின் ஊற்றுகளே. உதாரணமாக, பங்குக் காணியில் ஒரு சகோதரர் நீண்ட காலம் தனியே இருந்தால் முழுவதும் அவருடையதாகிவிடுமா? அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911இல் இதற்குப் பதில் கூறியது. ஒரு பங்காளியின் ஆட்சி மற்றப் பங்காளிகளுக்கும் உரியதாகவே கொள்ளப்படும். அவர்களுடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து ஆண்டாலன்றித் தனியுரிமை பிறவாது. இன்றும் நீதிபதிகள் இதனையே பின்பற்றுகின்றனர்.

கையிலுள்ள பத்திரம்

முதலில் எமது கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா என்று பார்க்க வேண்டும்.

உறுதிக் காணி தனியார் காணி. அதனை வேறொருவர் உரிமை கொண்டாடிப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால், 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அவருக்கு ஆட்சியுரிமை பிறக்கலாம். ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்கு வைக்க முடியாதிருந்தோருக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்க அது வழிசெய்தது. அச்சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. அத்தோடு, 2009 மே 19 முதல் எண்ணினாலும் பத்து ஆண்டுகள் 2019இலேயே நிறைந்துவிட்டன. எனவே ‘உறுதி இருக்கிறதுதானே’ என்று சும்மா இருத்தல் ஆபத்தானது. உறுதி தொலைந்திருந்தால், பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறலாம்.

அனுமதிப்பத்திரக் காணி அரச காணி. அதனைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி நொத்தாரிசிடம் எழுதி விற்கவோ வாங்கவோ முடியாது. பின்னுரித்தாளரின் பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறிய வேண்டும்.

அரசு தனியார் காணியை எடுப்பதற்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் உண்டு. அதன் முதல் அறிவித்தல் அந்தப் பகுதியிலேயே மூன்று மொழியிலும் ஒட்டப்படும். ஊரில் இல்லாதவர் அதை எப்படிக் காண்பார்? 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை எடுக்க அறிவித்தல் வந்தபோது, இடம்பெயர்ந்திருந்த உரிமையாளர்கள் செய்தியறிந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். 2025 மார்ச்சில், 1931ஆம் ஆண்டின் காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பற்றி வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துள் உரிமை கோராவிடில் அது அரச காணியாகிவிடும் என்ற நிலை. ஜூனில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெற்றது. இரு முறையும், உரிய வாசலை அறிந்தவர்கள் காலத்தோடு சென்றனர்.

எந்த வாசலுக்குச் செல்வது?

• காணியிலிருந்து ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டு, அமைதி குலையும் நிலை ஏற்பட்டால்: ஆரம்ப நீதிமன்றம் அல்லது நீதவான் நீதிமன்றம். வெளியேற்றம் இரண்டு மாதத்துக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். இங்கு யாருக்கு இருப்பாட்சி என்றுதான் தீர்ப்பார்கள், உரித்தைத் தீர்ப்பதில்லை.

• உரித்து, பங்கு பிரித்தல்: மாவட்ட நீதிமன்றம். அதிலிருந்து மேன்முறையீடு மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கு.

• அரச அதிகாரி சட்டத்தை மீறி ஆணையிட்டால்: மேன்முறையீட்டு நீதிமன்றம்.

• அரச நிருவாகம் அடிப்படை உரிமையை மீறினால்: உயர் நீதிமன்றம். ஒரு மாதத்துள் மனுச் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது.

• அயலவருடன் எல்லைத் தகராறு போன்றவை: முதலில் மத்தியஸ்த சபை.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. வருமானம் குறைந்தோருக்காக 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் நிலையங்கள் மாவட்டங்களில் உள்ளன.

ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரமே ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதி வைப்போம்: பத்திரத்தின் வகையும் இலக்கமும், யார் பெயரில் உள்ளது, காணியின் நான்கு எல்லைகள், விட்டுவந்த திகதி, இப்போது அங்கு இருப்பவர் யார், எப்போதிருந்து. வாசிக்கத் தெரியாத முதியோருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளுடன் சட்ட உதவி நிலையத்துக்குச் சென்றால், ‘சட்டம் என்ன சொல்லுகிறது?’ என்று பொதுவாகக் கேட்கத் தேவையில்லை. ‘எமது காணிக்கு எந்தச் சட்டம், எமக்கு இன்னும் எத்தனை நாள் உண்டு?’ என்று கேட்கலாம்.