ஜெர்மனியில் முனைவர் பட்டம்: உதவித்தொகையா, ஊதியமா?

வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற விரும்பும் இந்திய மாணவர் முதலில் தேடுவது ‘கல்வி உதவித்தொகை’யைத்தான், ஆனால் ஜெர்மனியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவர், முனைவர் ஆய்வுக்காக அங்கே செலவிடப்படும் பணத்தில் பெரும் பகுதியைப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார். இளங்கலை, முதுகலை மாணவர் கற்றுக்கொள்ள வருபவர்; முனைவர் ஆய்வாளரோ, கற்றுக்கொண்டே துறையின் ஆய்வுப் பணிகளையும் செய்து தருபவர். அதனால் அவருக்குரிய பணம் பல இடங்களில் மாதச் சம்பளமாகவே வந்து சேர்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்குக் கல்விக் கட்டணம் பொதுவாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம்கூட முனைவர் ஆய்வாளர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் பணியிட அறிவிப்புகளில் ‘டிவி-எல் ஈ13, 65 விழுக்காடு’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். டிவி-எல் என்பது மாநில அரசுகளின் ஊழியர்களுக்கான ஊதிய ஒப்பந்தம். ஈ13 என்பது முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குரிய ஊதிய நிலை. 65 விழுக்காடு என்பது முழுநேரச் சம்பளத்தில் எத்தனை பங்கு தரப்படும் என்பதைக் காட்டுவது. பொறியியலிலும் கணினி அறிவியலிலும் முழுநேரப் பணியிடங்களே மிகுதி. மொழி, வரலாறு போன்ற துறைகளில் பாதிப் பணியிடமே பெரிய வாய்ப்பு. பங்கு எதுவாயினும் ஆய்வாளர் நாள் முழுவதும் உழைக்கிறார் என்பதும், மீதி நேரம் தம் சொந்த ஆய்வேட்டுக்கானது என்று கணக்குச் சொல்லப்படுகிறது என்பதும் விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. இருந்தாலும் இந்தச் சம்பளத்திலிருந்து மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு ஆகியவற்றுக்குப் பிடித்தம் நடக்கிறது. வேலை கொடுப்பவரும் தம் பங்கைச் செலுத்துகிறார்.

உதவித்தொகை இதிலிருந்து வேறுபட்டது. 1925இல் தொடங்கப்பட்டு இன்று பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, மாத உதவித்தொகையோடு காப்பீட்டுக்கும் பயணத்துக்கும் உதவுகிறது. கட்சிகளைச் சார்ந்த கான்ராட் அடனாவர், ஃபிரீட்ரிக் எபர்ட், ஹைன்ரிக் பொல் போன்ற அறக்கட்டளைகளும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குத் தொகை வழங்குகின்றன. இவை மதிப்புக்குரியவைதான், ஆனாலும் உதவித்தொகை சம்பளம் ஆகாது, அதைப் பெறுபவர் ஊழியரும் ஆகார் என்பதால், ஓய்வூதியக் கணக்கிலோ வேலையின்மைக் காப்பீட்டிலோ அந்த ஆண்டுகள் சேர்வதில்லை. ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒருவர் ஒப்பந்தத்திலும், அடுத்த மேசையில் இருப்பவர் உதவித்தொகையிலும் அதே வேலையைச் செய்வது நியாயமற்றது என்ற குரல் இளம் ஆய்வாளர்களிடையே நெடுங்காலம் ஒலித்தது. 2015இல் ஆய்வு அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகம் முனைவர் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை முறையைக் கைவிட்டு ஒப்பந்த முறைக்கு மாறியது, அந்தக் குரலுக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளும் ஆய்வாளரை ஊழியராகவே அமர்த்துகின்றன. இவற்றில் குடியுரிமை பார்க்கப்படுவதில்லை. ஆனால் ஆய்வாளரை அமர்த்தும் நிறுவனம் உள்ள நாட்டில், பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அவர் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டாண்டு முதுகலை படித்து முடித்த கையோடு ஜெர்மன் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பவரைத் தள்ளிவிடும் இந்த விதி, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து நேரே விண்ணப்பிப்பவருக்குச் சாதகமாகவே அமைகிறது.

தொகையின் அளவைப் பற்றி விசாரிக்கும் பலர் அதன் காலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கை தெளிவான சான்று. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த, மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணத்தோடும், கோல்ஹாப்பூர் மன்னரின் உதவியோடும், நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920இல் மறுபடியும் லண்டன் சென்று, 1923இல்தான் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். இன்றும் மூன்றாண்டு நிதியோடு தொடங்கும் ஆய்வு நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு நீள்வது வழக்கம்; நிதி நின்ற பிறகு வரும் மாதங்களில்தான் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது. நீட்டிப்பு உண்டா, அதை யார் தருவார் என்பதை ஆய்வு நெறியாளரிடம் முதல் உரையாடலிலேயே கேட்பதில் தவறேதுமில்லை.

உள்நாட்டிலிருந்து கிடைக்கும் நிதியும் உண்டு: இந்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1950களில் தொடங்கப்பட்டது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 125 இடங்களை ஒதுக்கிய திட்டம் இது. 2022இல் வெளியான நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களை இதிலிருந்து விலக்கின. சாதியைப் பற்றி ஆராய மற்றவர்களைவிட உரிமையும் அனுபவமும் உள்ளவர்களுக்கு அந்தக் கதவை அடைத்தது பெரும் பிழை. அது திருத்தப்பட வேண்டும்.

ஜெர்மானியர் ஆய்வு நெறியாளரை ‘டோக்டர்ஃபாட்டர்’, அதாவது முனைவர்த் தந்தை என்று அழைப்பது மரபு. பெண்ணாக இருந்தால் முனைவர்த் தாய். திட்டம் எதிலும் சேராமல் ஒரு நெறியாளரின் கீழ் தனியாகச் செய்யும் ஆய்வில் அவர் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த கட்டம் உண்டு. ஆனால் அவர் ஏற்றுக்கொள்வது வேறு, பணம் உறுதியாவது வேறு. நிதியில்லாமல் அனுமதி பெற்றவர், விசாவுக்காக மாணவர்கள் ‘பிளாக்டு அக்கவுன்ட்’ என்று சொல்லும் வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பர் நிலவரப்படி அது 11,904 யூரோ. இந்தத் தொகைக்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள், அது ஓராண்டுக்கு மட்டுமே போதும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்ற இரண்டும் எழுத்தில் இல்லாத அனுமதிக் கடிதத்தை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள். அடுத்த பணியிட அறிவிப்புக்குக் காத்திருங்கள்.