கணிப்பொறி விளையாட்டு ஏன் திக்குகிறது?

“சார், கேம் லேக் அடிக்குது!” வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கொண்டுவரும் இந்தக் குறைக்கு உடனே விடை கூற இயலாது. காய்ச்சல் என்று வருபவரிடம் மருத்துவர் “குளிர் உண்டா, இருமல் உண்டா?” என்று கேட்பார் அல்லவா? நாமும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பொத்தானை அழுத்திய பின் செயல் தாமதமாக நிகழ்கிறதா? அல்லது படமே விட்டுவிட்டு ஓடுகிறதா? முன்னது தாமதம், பின்னது திக்கல். இவை வெவ்வேறு நோய்கள். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவோர் பலர். அம்மருந்தின் விலை பல ஆயிரம் ரூபாய் என்பதுதான் வேதனை.

முதல் சோதனை மிக எளியது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, தனியே ஆடக்கூடிய ஒரு விளையாட்டை ஆடிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் குறை உங்கள் மேசைமேல் இருக்கிறது. திக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் வழியில் இருக்கிறது.

அந்த வழி எவ்வளவு நீளம்? கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். வெற்றிடத்தில் செல்வதில் இது மூன்றில் இரண்டு பங்கு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்று பாடத்தில் படித்தீர்களே, அதன் விளைவுதான் இது. சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். அங்குள்ள சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப 12 மில்லி வினாடி ஆகும். சிங்கப்பூர் சர்வர் என்றால்? 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட கடலடிக் கம்பிவடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். சென்னை வரை இங்கிருந்து மேலும் 500 கிலோமீட்டர். போக, வர 37 மில்லி வினாடி. வழியிலுள்ள ரூட்டர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. எத்தனை விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் இந்த எண்ணைக் குறைக்காது! விளையாட்டின் அமைப்புகளில் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. ‘பிங்’ எண் 40 என்று நிலையாக நின்றால் கவலை வேண்டாம். 40, 180, 60 என்று துள்ளினால் வைஃபையைச் சந்தேகித்து, ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துப் பாருங்கள்.

இனி திக்கலுக்கு வருவோம். சினிமாவைப் போலவே இங்கும் திரையில் தனித்தனிப் படங்களே அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. வினாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி வினாடி. பலர் சராசரியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஐம்பது படங்கள் தலா 10 மில்லி வினாடியில் வந்து, ஐம்பத்தோராவது படம் மட்டும் 500 மில்லி வினாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வினாடிக்கு 51 படம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. கண்ணுக்கோ அரை வினாடி உலகமே நின்றுவிடுகிறது. ஆகையால் சராசரியை விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்.

அந்த ஒரு படம் ஏன் தாமதித்தது? ராம் நினைவகம் போதாமல் ஹார்டு டிஸ்கிலிருந்து தகவல் எடுக்க நேர்ந்திருக்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கிறது. படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு படத்தின் நேரம் அநேகமாக அதிலேயே போய்விடும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்தக் காத்திருப்பு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே. பழைய கணிப்பொறிக்குச் செலவழிப்பதானால் முதலில் இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

கார்டு திணறுகிறதா என்பதை அறியவும் காசு வேண்டாம். திரையின் துல்லியத்தை 1920×1080-லிருந்து 1280×720 ஆகக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. வேகம் நன்கு கூடினால் கார்டுதான் திணறியது. அப்படியே இருந்தால் புதுக் கார்டு வாங்கியும் பயனில்லை.

விஸ்வநத்தத்து மாணவன் ஒருவனுக்கு இந்தச் சோதனையில் எதுவும் பிடிபடவில்லை. அவன் தந்தை அச்சகத் தொழிலாளி. தீபாவளி போனஸில் புதுக் கார்டு வாங்குவது என்று கடைக்காரர் சொல்லி முடிவாகியிருந்தது. நான் கேட்டது ஒன்றே: “தொடங்கியதுமே திக்குகிறதா, சிறிது நேரம் கழித்தா?” கால்மணி நேரம் கழித்து என்றான். விடை அதிலேயே இருந்தது. வெப்பம்!

சிவகாசி வட்டாரத்தின் மழை குறைந்த, வறண்ட வெயில் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் உகந்தது, கணிப்பொறிக்கு ஆகாதது. சிலிக்கான் சில்லு 95, 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெப்பம் வெளியேறும் வீதம் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்ற நியூட்டனின் விதியை இங்கே பொருத்துங்கள். சில்லு 95 டிகிரி, அறை 25 டிகிரி என்றால் வேறுபாடு 70. அறை 38 டிகிரி என்றால் 57. குளிரூட்டும் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அவன் வீட்டிலோ பெட்டி மர அலமாரிக்குள் இருந்தது. பக்கத்தில் காலண்டர் தாள் கட்டுகள். ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகட்டடுக்கின் இடுக்குகளில் காகிதத் துகள் பஞ்சுபோல் படிந்திருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். வறண்ட காற்றில் உடலில் நிலைமின்னேற்றம் சேரும். பட்டாசு ஆலைகளில் அறைக்குள் நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு அதைத் தரையில் இறக்கும் வழக்கம் உண்டு. அங்கே உயிர் காக்கும் அச்செயல் இங்கே சில்லைக் காக்கும். தரையிணைப்புள்ள ஓர் உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொண்டே மென்மையான தூரிகையால் துடைத்தோம். ப்ளோயரால் ஊதும்போது விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டோம். உலர்ந்து வெடித்திருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி, புதிதாக ஒரு மிளகளவு இட்டோம். பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். முன்பு 97 டிகிரி காட்டிய சில்லு அன்று மாலை ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு 79 காட்டியது. பேஸ்ட்டின் விலை 150 ரூபாய்.