இடியப்பத்திற்கு ஓர் உறவு



தாய்லாந்து நூடில்ஸ் என்றதும், அது பெரிய விடுதிகளுக்கே உரிய உணவு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இறக்கக்கண்டியிலிருந்து நோக்கும் எனக்கோ, அது நம் இடியப்பத்தின் உறவாகவே தோன்றுகிறது.

அந்நாட்டில் ‘கனோம் சீன்’ என்றொரு பண்டம் உண்டு. அரிசிமாவைத் துளையிட்ட அச்சின் வழியே கொதிநீரிற் பிழிந்தெடுத்து, தேங்காய்ப்பால் சேர்ந்த மீன்குழம்போடு உண்பர். நாம் தட்டிற் பிழிந்து ஆவியில் அவித்துச் சொதியோடு உண்கிறோம்.

உலகறிந்த ‘பட் தாய்’ மிகப் பழமையானதன்று. பிபுன் சொங்கிராம் 1938 முதல் 1944 வரை பிரதமராயிருந்தபோது, நூடில்ஸ் உண்பதை அரசாங்கமே ஊக்குவித்தது. அக்காலத்தை ஒட்டியே இவ்வுணவும் பரவலாயிற்று.

இதன் சுவைக்கு ஆதாரம் புளிப்பு, இனிப்பு, உவர்ப்பு ஆகிய மூன்றன் இணக்கம். அங்கே புளிக்கரைசலும் பனைவெல்லமும் நெத்தலியை உப்பிலூற வைத்து வடித்த சாறும் சேர்ப்பர். அச்சாறு கிடையாவிடின், வறுத்துப் பொடித்த இறாற் கருவாட்டையும் சிறிது உப்பையும் சேர்க்கலாம்.

அரிசி நூடில்ஸைக் கொதிக்கவிடாது, தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தல் போதும். தாச்சியை நன்கு காயவிட்டு, இருவருக்கு வேண்டிய அளவையே ஒருமுறை வதக்குக. மிகுதியாக இட்டால் சூடு தணிந்து நூடில்ஸ் களியாகிவிடும். பின்னர் முட்டையும், இறுதியில் முளைவிட்ட பயறும் இடித்த கச்சானும் சேர்க்க. மிஞ்சிய இடியப்பத்திலும் இதனைச் செய்யலாம். அது முன்னரே வெந்ததாதலின், குழம்பை வற்றவைத்த பின்னரே உதிர்த்துப் போடவேண்டும்.

நான் பெரிதும் மதிப்பது அவர்களது பந்தி வழக்கத்தையே. சர்க்கரை, மீன்சாறு, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினாகிரி ஆகிய நான்கும் மேசையில் இருக்கும். உண்பவர் தமக்கேற்பச் சுவையைத் திருத்திக்கொள்வர். நம் வீடுகளிலோ உறைப்புத் தாளாத குழந்தைக்கு ஒரு சட்டி, உப்பும் இனிப்பும் குறைக்கவேண்டிய முதியவருக்கு ஒரு சட்டி, ஏனையோருக்கு ஒரு சட்டி எனத் தாய் மும்முறை சமைக்கிறாள். ஈற்றில் ஆறியதை உண்பவளும் அவளே. சுவையைக் குறைத்துச் சமைத்து, கூட்டுவதை உண்போரிடம் விட்டால், அவளும் அனைவரோடும் அமரலாம்.

ஓர் எச்சரிக்கை: கச்சானோ இறாலோ ஒவ்வாதவர் வீட்டிலிருப்பின், அவற்றைச் சமையலிலிருந்தே முற்றாக நீக்குக. தட்டில் ஒதுக்கிவைத்தல் போதாது.