மருத்துவமனையிலிருந்து பட்டறைக்கு

பொந்தியான் ஒரு கடலோர மாவட்டம். குக்குப் போன்ற மீனவக் கிராமங்களில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அன்றாடத் தேவை. ஆனால், உப்புக்காற்று வீசும் இடங்களில் சாதாரண இரும்புப் பேழைகள் விரைவில் துருப்பிடித்துவிடும். இத்தகைய பட்டறைகளில் கருவிகளை வைக்க, மருத்துவமனைகளும் பல் மருத்துவ நிலையங்களும் கழித்துவிடும் பேழைகளும் தள்ளுவண்டிகளும் நன்கு பயன்படும்.

இவற்றுள் பல துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. இவ்வெஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது காற்றிலுள்ள உயிர்வாயுவுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உருவாக்கும். மேற்பரப்பில் கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகும். எனினும், உப்பு நெடுநாள் படிந்திருந்தால் இவ்வெஃகும் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். ஆகவே, அவ்வப்போது நன்னீரால் துடைப்பது அவசியம்.

பல் மருத்துவப் பேழைகளின் இழுப்பறைகள் பெரும்பாலும் ஆழமற்றவை. அவற்றில் கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதில்லை. தேவையான திருப்புளியைத் திறந்தவுடன் எடுக்கலாம். தள்ளுவண்டியின் சக்கரங்கள், கருவிகளை இயந்திரத்தின் அருகிலேயே கொண்டு செல்ல உதவும்.

பழைய மருத்துவப் பொருளை அப்படியே பயன்படுத்துதல் ஆபத்தானது. அரசாங்க மருத்துவமனையின் பொருளாயின், ஏலம் போன்ற முறையான வழியில் கழிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இழுப்பறையின் மூலைகளில் ஊசியோ கத்தியோ தங்கியிருக்கலாம். எனவே, தடித்த கையுறை அணிந்து, கைவிளக்கின் ஒளியில் சோதிக்க வேண்டும். கூர்மையான பொருள் தென்பட்டால் வெறுங்கையால் தொடாமல், சுகாதாரப் பணியாளரின் உதவியை நாட வேண்டும். அடுத்து, சவர்க்கார நீரால் அழுக்கை நீக்கிய பின்னரே கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் கிருமிநாசினி சரியாகச் செயல்படாது. குளோரின் கலந்த வெளுப்பானை அமிலத்துடன் கலக்கவே கூடாது. நச்சு வாயு வெளியாகும். வெளுப்பான் எஃகையும் அரிக்கும் என்பதால் இறுதியில் நன்னீரால் கழுவித் துடைப்பது நன்று.

மருத்துவத் தள்ளுவண்டிகள் இலேசான பொருள்களுக்காகச் செய்யப்பட்டவை. கனமான கருவிகளைக் கீழ் இழுப்பறையில் வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல இழுப்பறைகளைத் திறந்தால் வண்டி கவிழக்கூடும். வேலை செய்யும்போது சக்கரப் பிரேக்கைப் பூட்டுவதும் முக்கியம்.

மறுசுழற்சியைவிட மறுபயனீடு சிறந்தது. இவ்வெஃகை உருக்க ஏறத்தாழ 1,400 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பேழையைப் பேழையாகவே பயன்படுத்தினால் அவ்வளவு எரிசக்தியும் மிச்சமாகும்.