முதல் "டிஜிட்டல்" படம்: மூன்று மாதக் குழந்தையின் முகம்!

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. படம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது.

அதற்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே இரண்டு எண்கள்.

அப்படிப்பட்ட எந்திரம், குழந்தையின் முகத்தை எப்படிக் காட்டுகிறது?

இதற்கு 1957-ம் ஆண்டிலேயே வழி கண்டவர், ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அமெரிக்கர்.

உருளையில் சுழன்ற படம்

கிர்ஷ், அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே "சீக்" என்ற கம்ப்யூட்டர் இருந்தது. 1950-ல் ஓடத் தொடங்கிய எந்திரம்.

தன் மகன் வால்டனின் போட்டோவை அவர் எடுத்துக்கொண்டார். குழந்தைக்கு வயது மூன்று மாதம்! படம் 5 சென்டிமீட்டர் சதுரம்தான்.

அதை ஓர் உருளையில் பொருத்திச் சுழல விட்டார்கள். படத்தின் மீது பட்டுத் திரும்பிய ஒளியை ஒரு கருவி அளந்தது. வெளிச்சம் அதிகமான இடம் வெள்ளை. குறைந்த இடம் கறுப்பு. ஒன்றுக்கு 1, மற்றதற்கு 0.

குறுக்கே 176 புள்ளி. நெடுக்கே 176 புள்ளி. பெருக்கினால் 30,976!

வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே வித்தியாசம், இங்கே கோடு கிடையாது. புள்ளிகளேதான் படம்.

இந்தப் புள்ளிக்கு "பிக்சல்" என்று பெயர். 0 அல்லது 1 என்ற ஒரு குறி, "பிட்". எட்டுப் படி ஒரு மரக்கால் ஆவதுபோல, எட்டு பிட் ஒரு "பைட்". குழந்தையின் படத்தை ஒரு முறை படித்ததற்கு 3,872 பைட் ஆயிற்று.

கறுப்பும் வெள்ளையும் மட்டும் இருந்தால் கன்னத்தின் நிழல் தெரியாதே! ஆகவே, வெளிச்ச அளவை மாற்றி மாற்றிப் பல முறை படித்து, ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். சாம்பல் நிறம் வந்தது. முகமும் வந்தது.

"உலகை மாற்றிய 100 போட்டோக்கள்" என்று 2003-ல் "லைஃப்" தொகுத்த புத்தகத்தில் இந்தப் படமும் இடம் பெற்றது.

புள்ளியைச் சதுரமாக வைத்தது தவறு என்று, 80 வயது ஆன பிறகு கிர்ஷ் வருந்தினார். வேறு வடிவப் புள்ளிகளை அமைத்துப் பார்த்தார். 2020-ல் காலமானார். சதுரம் மட்டும் மாறவில்லை!

இன்றைய போனில்

12 மெகாபிக்சல் கேமரா என்றால், 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். எண்ணுக்கு ஒரு பைட். ஆக, ஒரு படத்துக்கு 3 கோடியே 60 லட்சம் பைட்!

அப்படியே வைத்தால் போன் சீக்கிரம் நிரம்பிவிடும். எனவே "ஜேபெக்" முறையில் படம் சுருக்கப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிடுவார்கள். தள்ளியது தள்ளியதுதான். திரும்ப வராது.

தாத்தாவின் படம்

பல குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான்.

தாத்தா இறந்துவிடுகிறார். சட்டம் போட்டு மாட்டப் படம் வேண்டும். கல்யாணத்தில் அவர் சிரித்துக்கொண்டு நின்ற படம் பேரனின் போனில் இருந்தது. அவன் அதை "வாட்ஸ்அப்"பில் உறவினர்களுக்கு அனுப்பினான். பிறகு, இடம் போதவில்லை என்று மூலப் படத்தை அழித்துவிட்டான்.

வாட்ஸ்அப்பில் போகும் படம் வழக்கமாக மேலும் சுருங்கித்தான் போகும்!

10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள படம் தெளிவாக விழ, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1 கோடியே 8 லட்சம் புள்ளிகள் தேவை. கூட்டத்தில் நின்ற தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால், அவ்வளவுக்கு எங்கே போவது?

பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். இல்லாத புள்ளியைக் கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்பலாம். ஆனால், அது தாத்தாவின் மூக்குதானா என்று பாட்டிதான் சொல்ல வேண்டும்!

அதே வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" என்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியாக அனுப்பினால் படம் சுருங்காது. எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும்.