அஞ்சு மில்லிமீட்டர் சமாசாரம்!

ரயில் டிரைவரிடம் ஸ்டீயரிங் கிடையாது சார்! கொருக்குப்பேட்டையில் சென்ட்ரல் பாதையும், ராயபுரம் வழியாக வரும் பீச் பாதையும் சேருகின்றன. அங்கே ரயிலை வழி மாற்றுவது 'பாயின்ட்ஸ்'.

அக்கா பையனின் பொம்மை ரயிலிலும் அது உண்டு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பாயின்ட்ஸ் வந்தாலே ரயில் குப்புற விழும். "மாமா, இன்ஜின் டப்பா!" என்றான்.

நான் பி.காம். டேலி ஆகாத இடத்தைத் தேடுவதுதான் படிப்பே! ஒரே பெட்டி பல இடத்தில் விழுந்தால், சக்கரத்தில் கோளாறு. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் விழுந்தால், பாயின்ட்ஸில் கோளாறு. குனிந்து பார்த்தேன். நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டவில்லை. இடுக்கில் பஞ்சுத் துணுக்கு. ஊதினேன், ஓடியது.

நிஜ ரயிலுக்கு ஊதினால் போதுமா? அந்த இடுக்கில் 5 மி.மீ. தகட்டை வைத்துச் சோதிக்கிறார்கள். அப்போது பாயின்ட்ஸ் பூட்டிக்கொள்ளக் கூடாது, சிக்னலும் கிடைக்கக் கூடாது.

2024 அக்டோபர் 11. இதே கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில், கவரைப்பேட்டை. மெயின் லைன் சிக்னலோடு வந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

பத்து நிமிஷம் லேட்டானால் ரயில்வேயைத் திட்டுகிறோம். திட்டுமுன் யோசியுங்கள்: யாரோ ஒருத்தர் வெயிலில் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்!